தோளில் ஒரு சொட்டு ஆரஞ்சு

...வலிக்காதபோது யாராவது மருந்து கொடுப்பார்களா, அப்படித்தானே நினைத்தேன், நர்ஸ் அந்தச் சின்ன ஆரஞ்சு எண்ணெய் பாட்டிலைத் தந்தபோது தலையை நன்றாகத்தான் ஆட்டினேன், "வலி மருந்து அதுபாட்டுக்கு இருக்கும், இது கூட ஒரு துணை, முதல்ல வீட்ல விளையாடும்போது, தூங்க வைக்கும்போது மோந்து பாக்கக் குடுங்க, சந்தோஷமா பழகட்டும், அப்புறம் இங்க கொண்டு வாங்க" என்றார், காதில் விழுந்தது, மண்டையில் ஏறினால்தானே... வீணாகிவிடும் என்று மேல்தட்டில் ஏற்றி வைத்தேன், கட்டு மாற்றும் நாளில் மட்டும் இறக்கிப் பஞ்சில் ஒரு சொட்டு, என் தோளில் ஒரு சொட்டு, மகள் முகம் புதைத்துக்கொள்ளட்டும் என்று. வெந்நீர் கொட்டிய கால், துணி ஒட்டிக்கொண்டு வரும்போது அவள் போடும் சத்தம், அம்மாடி... முதலில் நானும் சேர்ந்து அழுதேன், இப்போது அழுகை வருவதில்லை, ஏன், பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி இருக்கிறது, கடித்தாலும் தெரியாது.

நேற்று அவள் அப்பா ஆரஞ்சுப் பழம் உரித்தார், அவ்வளவுதான், காலை இழுத்துப் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டாள், "கட்டு வேணாம்ப்பா, வேணாம்ப்பா." அவர் என்னைப் பார்த்தார், நான் உரித்த பழத்தோலைப் பார்த்தேன். அப்போதே பாட்டிலைக் குப்பையில் போட்டுவிட்டேன், கையைச் சோப்பு போட்டுக் கழுவினேன், இன்று துவைத்த சட்டை போட்டுத்தான் இவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தேன்... சுவரில் வரைந்த யானை சிரிக்கிறது, ஒரு கண்ணில் பெயிண்ட் உரிந்திருக்கிறது, யாராவது பூசக் கூடாதா. தூக்கிக்கொள்ளத்தான் குனிந்தேன், மூக்கு என் தோள்பக்கம் வந்ததும் இரண்டு கையாலும் தள்ளினாள், "நீ வேணாம், கதையக்கா வரட்டும்." கதையக்கா என்பது நர்சுக்கு இவள் வைத்த பெயர். நடந்ததைச் சொன்னேன், அவர் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை, "பரவாயில்லைங்க, வேற வாசம் மெதுவா பழக்கிக்கலாம், இன்னிக்குக் கதை சொல்லிக்கிட்டே மாத்துறோம்... நீங்க கொஞ்சம் வெளிய இருக்கீங்களா?" இருக்கேன் என்றேன், வேறு என்னத்தைச் சொல்ல.

கதவு சாத்தியாயிற்று, இதோ இப்போது கத்துவாள், இதோ... கொஞ்சம் முனகல், கதையக்காவின் குரல், நரி மாதிரி ஊளையிடுகிறார், மறுபடி முனகல், அப்புறம் இவள், என் மகள்தான், சிரிக்கிறாளா? இந்தச் சிரிப்புக்குத்தானே நாயாய் அலைந்தேன், சந்தோஷம் வர வேண்டாமா, வரட்டுமே, எங்கே போயிற்று... தோளை மோந்து பார்க்கிறேன். ஆரஞ்சு இல்லவே இல்லை. சோப்பு, கொஞ்சம் வியர்வை, அவள் பிறந்ததிலிருந்து அவளுக்குத் தெரிந்த என் வாசம். வேற வாசம் பழக்கிக்கலாம் என்றாரே, ஆரஞ்சுக்குச் சரி, என் வாசத்துக்கு... உள்ளே நரி மறுபடி ஊளையிடுகிறது, இவளும் சேர்ந்து ஊளையிடுகிறாள்.