நகல் இயந்திரம் எடுத்துக் கொடுத்த தாளம்

பள்ளிக்கூடம் முழுக்க 'டமாரம் சார்' என்று பெயர் வாங்கியவர், வாழ்க்கையில் அதிகம் செய்த வேலை அடிப்பதல்ல, அடிக்காமல் காத்திருப்பது. பள்ளிக்கு வருவதற்கு முன்னால் பத்தொன்பது வருடம் ஒரு பெரிய இசைக்குழுவின் கடைசி வரிசையில் நின்றார். முன்னால் வயலின்காரர்கள் இழைத்துத் தள்ளுவார்கள். இவர் இரண்டு பித்தளைத் தட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு, இருநூற்றுப் பதினான்கு சுற்று எண்ணி, ஒரே ஒரு முறை 'ஜங்' என்று தட்டுவார். அவ்வளவுதான், வீட்டுக்குப் போகலாம். "இதுக்கா மாப்பிள்ளை சம்பளம்?" என்று மாமனார் கேட்டார். "ஜங்குக்கு இல்லீங்க மாமா, அதுக்கு முன்னாடி சும்மா நிக்கிறதுக்கு" என்றார் இவர். 

பள்ளியிலும் அதே பாடம்தான். "அடிக்க எந்தக் கழுதைக்கும் தெரியும். அடிக்காம இருக்கத்தான் கத்துக்கணும். என் கையைப் பார்க்காதீங்க. கண்ணை மூடிக்கிட்டு இந்த ரூமைக் கேளுங்க."

போன வருடம் அந்த ரூமுக்குள் தலைமையாசிரியை ஒரு நகல் இயந்திரத்தைக் கொண்டுவந்து இறக்கினார். ஆபீசில் இடமில்லையாம். இன்று ஒரு மூலை, நாளை முழு அறை என்பது யாருக்குத்தான் புரியாது? இயந்திரமோ அரதப் பழசு. ஒவ்வொரு தாளுக்கும் 'கடக், கடக், கடக்' என்று இருமிவிட்டுத்தான் வெளியே துப்பும். வேறொருவராக இருந்தால் சண்டைக்குப் போயிருப்பார். டமாரம் சார் இரண்டு நாள் தலையாட்டிக் கேட்டுவிட்டு, கரும்பலகையில் இருந்த வாத்தியப் பட்டியலில் மேளத்துக்கும் மேலே 'மெஷின்' என்று எழுதினார். மூன்றாவது 'கடக்'கில் நாற்பது பிள்ளைகளும் ஆரம்பிக்க வேண்டும். அன்றிலிருந்து யாராவது நகல் எடுக்க வந்தால், "வாங்க, உங்களுக்காகத்தான் காத்திருக்கோம்" என்பார். அடிக்கடி நகல் எடுக்க வரும் கணக்கு டீச்சருக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

இந்த வருடம் ஆய்வுக்கு அதிகாரி வந்தார். தாள ஆசிரியர் பணியிடம் ரத்து என்ற உத்தரவை முன்கூட்டியே தட்டச்சு செய்து, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். வகுப்பைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. அவர் வருவதற்குப் பத்து நிமிடம் முன்புதான் மெக்கானிக் இயந்திரத்தை மூடிவிட்டு நிமிர்ந்தான். ஆய்வு நாளில் எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டுமென்று தலைமையாசிரியை கூப்பிட்டிருந்தார்.

"இனிமே சத்தமே வராது சார், பூனை மாதிரி ஓடும்" என்று கையைத் துடைத்தான். "மடிச்ச பேப்பர் மட்டும் வெச்சிராதீங்க. மாட்டிக்கும், அப்புறம் பழைய கதைதான்."

மூடியைத் திரும்பக் கழற்றச் சொல்லி டமாரம் சார் அவனைக் கெஞ்சிப் பார்த்தார். ஆனால் அதிகாரி வாசலுக்கு வந்துவிட்டார். பிள்ளைகள் குச்சிகளை உயர்த்திக் கண்ணை மூடிவிட்டார்கள். கணக்கு டீச்சர் புதுப் புடவையில் வந்து, தாளை வைத்துப் பொத்தானை அழுத்தினார்.

நகல் வந்தது. சத்தம் வரவில்லை. நாற்பது பேரும் அசையவில்லை.

டமாரம் சார் கையை வீசினார். யார் பார்ப்பது? "ஆரம்பிங்கப்பா" என்று மெல்லச் சொன்னார்.

"சார், இன்னும் மெஷின் வரலை. பேசாதீங்க, எண்ணிக்கிட்டிருக்கோம்" என்றாள் முக்கோணக் கம்பி தட்டும் பெண், கண்ணைத் திறக்காமலே.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "எப்ப ஆரம்பிக்கும்?"

"ஆரம்பிச்சு நாலு நிமிஷம் ஆச்சுங்க" என்றார் டமாரம் சார்.

அதிகாரி சட்டைப்பையிலிருந்து உத்தரவை எடுத்துப் பிரித்தார். பேனாவைத் திறந்து கையெழுத்தும் போட்டுவிட்டார். தலைமையாசிரியை சுவரின் நீளத்தைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தார்.

ஐம்பத்திரண்டு வயதில் இனி எந்தக் குழுவும் தன்னைச் சேர்க்காது என்று டமாரம் சாருக்குத் தெரியும். ஆனால் அந்த நிமிடம் அவர் கவலை அதுவல்ல.  தான் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி நாற்பது பேர் கைவலியோடு நிற்கிறார்கள், அவர்களை ஏமாற்றிவிட்டுப் போகப் போகிறோமே என்று அழுகை வந்தது. அப்போதுதான் அதிகாரி கையிலிருந்த உத்தரவின் மடிப்புகள் கண்ணில் பட்டன.

"ஐயா, அதுல எனக்கொரு காப்பி வேணும்."

"வேலை போற பேப்பருக்கு இவ்வளவு அவசரமா?" என்றார் தலைமையாசிரியை. சொல்லிவிட்டு, சந்தோஷமாகத் தானே எடுத்துப் போய் இயந்திரத்தில் செருகினார்.

'கடக்.'

நாற்பது தலைகள் நிமிர்ந்தன.

'கடக். கடக்.'

ஏழு நிமிடம் அடக்கி வைத்த கை எப்படி இறங்கும்! ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மேளமும் மரக்கட்டையும் ஒன்றையொன்று துரத்தின. இயந்திரம் உத்தரவை மென்றுகொண்டே ஒரு அடிகூடப் பிசகாமல் கூட வந்தது. தலைமையாசிரியை இழுக்க இழுக்க, ஒரு கிழிசலில் 'பணியிடம்' வந்தது, இன்னொன்றில் 'ரத்து' வந்தது. கடைசியில் எல்லாம் நின்று, ஒரே ஒரு 'டிங்' மட்டும் கேட்டது. முக்கோணக்காரி கண்ணைத் திறந்து சிரித்தாள்.

அதிகாரியின் பேனா தொடையில் தட்டிக்கொண்டிருந்தது. அதை அவரே அப்போதுதான் கவனித்தார்.

"ஏன் மாட்டுச்சு?" என்று கேட்டார்.

"மடிச்ச பேப்பர் அதுக்கு ஆகாதுங்க" என்றார் டமாரம் சார்.

 அதிகாரி ஒரு வெள்ளைத்தாளை எடுத்து எழுதினார்: 'ஆசிரியர் தொடரலாம். இயந்திரத்தைப் பழுது பார்க்கக் கூடாது.' கையெழுத்துப் போட்டார். அதை நான்காக மடித்து, மடிப்பின்மேல் நகத்தால் இரண்டு முறை அழுத்தித் தேய்த்து, தலைமையாசிரியையிடம் நீட்டினார்.

"மூணு காப்பி எடுங்கம்மா."

பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டார்கள்.