மேற்குத் தோட்டத்துப் பட்டுப்பூக்கள்

யுன்னியாங் பிறந்த வருடத்தில்தான் ஸுய் வம்சமும் பிறந்தது. துண்டுதுண்டாகக் கிடந்த நாட்டை அது ஒன்றாக்கியது. வடக்கையும் தெற்கையும் கால்வாய் வெட்டிச் சேர்த்தது. தலைநகர் லுவோயாங்கின் மேற்குத் தோட்டத்தில் குளிர்காலத்திலும் மரங்கள் மொட்டையாக நிற்கக் கூடாது என்று இரண்டாம் பேரரசர் உத்தரவிட்டார். பட்டில் பூவும் இலையும் வெட்டிக் கிளைகளில் கட்டும் பெண்களில் அவளும் ஒருத்தி ஆனாள். நிறம் மங்கினால் உடனே மாற்ற வேண்டும். அந்த வேலையில் அவளுக்குப் பெருமை இருந்தது. தோட்டத்து வாசலில் கந்தலோடு நடுங்கியவர்களைப் பார்த்த பிறகும் அது குறையவில்லை என்பது அவளை அவ்வப்போது உறுத்தும்.

இப்போது அவள் வீட்டு விறகுக் கட்டையின் மேல் கணவன் தௌலியாங் தன் வலது கையை வைத்துக் காத்திருந்தான். கொரியப் போருக்கென்று அந்தத் தெருவிலிருந்து போன யாரும் திரும்பவில்லை. கிளர்ச்சிக்காரர்களை அடக்க நாளை காலை மறுபடி ஆள் பிடிக்க வருகிறார்கள்.

"கோடாலியோட பின்பக்கத்தால ஒரே போடு," என்றான். "கண்ண வேணா மூடிக்கோ."

"கண்ண மூடிட்டு அடிச்சா தலையில விழும். பரவாயில்லையா?"

யோசனை சொல்ல வந்திருந்த பக்கத்து வீட்டு கெங் தன் வளைந்த கையை நீட்டினான். படைக்குத் தப்ப அவனே உடைத்துக்கொண்டது. ஊரில் அதற்குப் புண்ணியக் கை என்று பெயர். "எத்தன தடவ வந்தாங்க, இதப் பாத்ததும் போயிட்டாங்க. புண்ணியம்மா, புண்ணியம்."

"கஞ்சி யாரு ஊட்டுறா அண்ணே?"

"வேற யாரு, என் பொண்டாட்டிதான்."

"அப்போ புண்ணியம் அவளுக்குத்தான்."

யுன்னியாங் கோடாலியை எடுத்தாள். தனக்குப் பயமா என்று உள்ளே தேடிப் பார்த்தாள். இல்லை. அடித்தால்தான் அவன் உயிர் பிழைப்பான் என்றால் ஓங்கி அடித்திருப்பாள். தடுத்தது வேறொன்று. இலையுதிர் காலத்தில் கட்டிய பூக்கள் இன்னும் கிளைகளில் வெளுத்துத் தொங்குகின்றன. புதுப் பட்டு வரவில்லை. ஏன் என்று கேட்கக்கூட மேலே யாரும் இல்லை. தினமும் பார்த்தும், அதன் அர்த்தத்தை அவள் தன்னிடமே மறைத்து வைத்திருந்தாள். ஒப்புக்கொண்டால் தன் பெருமையும் வெளுத்துப்போகும் என்பதால்தான்.

கோடாலியைக் கீழே வைத்தாள்.

"இந்த அரசாங்கம் போகப் போகுதுங்க. அதுக்காக ஆயுசு பூரா வேண்டிய கையக் குடுக்க வேணாம். விடிஞ்சதும் மலைக்கு ஓடிரலாம்."

"பேரரசர் தெற்க போயிருக்காரு, அவ்வளவுதான்," என்றான் கெங். "வசந்தத்துல வந்துருவாரு."

"வர்றவரு மரத்த இப்படி விட்டுட்டுப் போவாரா அண்ணே? ஒரு பூ மங்கினாலே எங்களத் தொலைச்சிருவாரு."

தௌலியாங் கையை எடுக்கவில்லை. "நீ நினைக்கிறது தப்பா இருந்தா?"

"மலைக்கு வந்து பிடிப்பாங்க. அப்ப உடைச்சிக்கலாம். கை எங்கயும் ஓடிராது."

கெங்தான் முதலில் சிரித்தான்.

விடிந்ததும், ஆள்பிடிப்பு முரசு கேட்பதற்கு முன்பே, தௌலியாங் பூக்கூடை தூக்கும் கூலியாளாக அவள் பின்னால் தோட்டத்துக்குள் நுழைந்தான். காவலன் கொட்டாவி விட்டபடி கையசைத்தான். வழியெல்லாம் அவள் வெளுத்த பூக்களைப் பறித்துக் கூடையில் போட்டாள்.

"இது எதுக்கு?"

"உங்க மேலங்கிக்குள்ள திணிச்சுத் தைக்க. மலையில குளிரும்."

தோட்டத்தின் மேற்குச் சுவர் இடிந்த இடத்தில், அவன் இரண்டு கைகளாலும் அவளைத் தூக்கி அப்பால் இறக்கினான்.

இரண்டாவது கோடையில் ஓர் உப்பு வியாபாரி மலைக்குச் செய்தி கொண்டுவந்தான். தெற்கில் சொந்தக் காவலர்களே பேரரசரைக் கொன்றுவிட்டார்கள். வேறு வம்சம் வந்துவிட்டது. யுன்னியாங் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பூக்களுக்காக ஒரு துக்கம் எட்டிப் பார்த்தது. வரட்டும் என்று விட்டாள். தன்னோடு பிறந்த வம்சம் முடிந்துவிட்டது. அவளுக்கோ நாற்பதுகூட ஆகவில்லை.

வெளியே தௌலியாங் விறகு பிளக்கும் சத்தம் கேட்டது.

"தோள் கிழிஞ்சிருக்கு பாருங்க," என்று கூப்பிட்டாள். "அந்த மேலங்கியக் கொண்டாங்க."