எதை எடுத்தாலும் இருபத்தைந்து ரூபாய் முதல்

ஆடி பிறக்க நான்கு நாள் இருக்கும்போது ரங்கராஜ் ஒரு விளம்பர போர்டுக்குச் சொன்னார். சிங்காநல்லூரில் திருச்சி ரோட்டின் மேலேயே அவருடைய டிபார்ட்மெண்டல் ஸ்டோர் இருந்தது. பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்துச் சம்பாதித்ததை எல்லாம் அதில் போட்டிருந்தார். கூடையைக் கையில் வாங்கிக்கொண்டு வேண்டியதை நாமே எடுத்துப் போட்டுக்கொள்ளும் கடை, 1996இல் அந்தப் பக்கத்துக்குப் புதிது. சனங்கள் வந்தார்கள், சுற்றிப் பார்த்தார்கள், வெறுங்கூடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

எழுத வேண்டியதை ரங்கராஜ் ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டு வந்திருந்தார். 'எதை எடுத்தாலும் 25 ரூபாய்' என்று பெரிதாக வர வேண்டும். அதன் வாலில் 'முதல்' என்று ஒரு சொல். மஞ்சள் தகரத்தில் அதை மட்டும் வெளிர் ஆரஞ்சில், கடுகளவு எழுதச் சொன்னார்.

"இருக்கோணும், ஆனாக் கண்ணுல படக் கூடாதுங்க" என்றார்.

போர்டு எழுதும் ஜெரோமுக்கு அது கொஞ்சம் நெருடத்தான் செய்தது. ஆனால் எட்டடிக்கு நாலடி தகரம், கடை வாசலில் ஊரே பார்க்கத் தொங்கப் போகிறது. மேலும், அவ்வளவு சின்ன எழுத்தைப் பிசிறில்லாமல் எழுத இந்த ரோட்டில் வேறு யாரால் முடியும் என்ற கர்வமும் இருந்தது. இருப்பதிலேயே மெல்லிய பிரஷ்ஷை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதி முடித்தான். அவன் மனைவி அன்புக்கரசி பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள். எறும்பு படிக்கவா எழுதியிருக்கிறீர்கள் என்று சிரித்துவிட்டுப் போனாள்.

ஆடி முதல் சனிக்கிழமை கடையில் கூட்டம் முண்டியடித்தது. அன்றைக்குப் பதினொரு மணிவாக்கில் பாவாத்தாள் ஜெரோமின் பட்டறைக்கு வந்தாள். கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள், இவர்களுடைய லைன் வீட்டு வரிசையிலேயே குடியிருப்பவள். நாலு வருஷத்துக்கு முன்னால் அறிவொளி இயக்க வகுப்பில், நாற்பது வயதுக்கு மேல், படிக்கக் கற்றுக்கொண்டாள். அதற்குப் பிறகு பஸ் போர்டு, சுவர் விளம்பரம், மருந்துச் சீட்டு எதையும் அவள் சும்மா விட்டதில்லை. ஜெரோம் எழுதிய போர்டு ஒன்றில் புள்ளி விட்டுப்போனதைக்கூட ஒருமுறை அவள்தான் கண்டுபிடித்துச் சொன்னாள்.

அப்படிப்பட்டவள் அன்றைக்கு முகம் சுண்டிப்போய் வந்து, பெயிண்ட் டப்பா ஒன்றின் மேல் உட்கார்ந்தாள். நடந்தது மெல்ல மெல்ல வெளியே வந்தது. அவள் மகள் சண்முகப்ரியாவுக்கு ஈரோட்டு பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை ஹாஸ்டலில் கொண்டுபோய் விட வேண்டும். போர்டைப் படித்துவிட்டு, நூறு ரூபாயோடு உள்ளே போய், பக்கெட், தட்டு, டிபன் பாக்ஸ், பிளாஸ்க் என்று நாலு சாமான் எடுத்திருக்கிறாள். பில் போடும் இடத்தில் நானூற்றுப் பத்து என்றிருக்கிறார்கள். போர்டில் இருபத்தைந்து என்றுதானே போட்டிருக்கிறது என்று கேட்டதற்கு, சரியாகப் படித்துவிட்டு வாருங்கள் அம்மா, அதில் 'முதல்' என்று இருக்கிறது என்றானாம் பில் போடுகிறவன். வரிசையில் பின்னால் நின்ற யாரோ சிரித்தார்களாம். அவள் நாலையும் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

பாவாத்தாள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"ஏங்கண்ணு, எனக்கு இன்னும் படிக்கத் தெரியலியா?"

அவள் பணம் போயிருந்தால்கூட ஜெரோமுக்கு இவ்வளவு சுட்டிருக்காது. கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்தான்.

"நீங்க படிச்சது சரிதானுங்கக்கா. உங்க கண்ணுல படக் கூடாதுன்னே நாந்தான் எழுதிப்போட்டேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் திட்டவில்லை. அவன் சொன்னது மனதில் இறங்க இறங்க, சுருங்கியிருந்த முகம் விரிந்தது. தனக்குப் படிக்கத் தெரியும் என்பதுதான் அவளுக்கு முதலில் உறைத்தது. சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"அப்படின்னா, கண்ணுல படற மாதிரி எழுது, வா" என்று சொல்லி ஏணியின் ஒரு முனையைத் தூக்கினாள்.

மறு முனையை ஜெரோம் பிடித்துக்கொண்டான். சிவப்பு எனாமல் டப்பாவும் நாலு விரல் அகல பிரஷ்ஷும் கையில். கடை வாட்ச்மேன், ஏதோ டச்சப் செய்ய வந்திருக்கிறான் என்று நினைத்து ஏணி போட இடம் விட்டான். ஆடிக் காற்று தகரத்தைப் படபடவென்று அடித்தது. பாவாத்தாள் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். ஜெரோம் அந்தக் கடுகெழுத்தின் மேலேயே முக்கால் அடி உயரத்துக்கு 'மு' போட்டான்.

"மு" என்று கீழேயிருந்து பாவாத்தாள் படித்தாள், வகுப்பில் படிக்கிற அதே குரலில்.

"த" என்றாள் அடுத்து. ரோட்டில் போனவர்கள் நின்றார்கள். 'ல்' வந்தபோது அவளோடு சேர்ந்து ஏழெட்டுப் பேர் படித்தார்கள். உள்ளேயிருந்த பெண்கள் கூடையும் கையுமாக வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்கள். பார்த்தவர்கள் உள்ளே போய் மற்றவர்களுக்குச் சொன்னார்கள். பில்லைப் பார்த்துத் திகைத்து நின்றவர்களுக்கெல்லாம் விஷயம் விளங்கிவிட்டது.

ரங்கராஜ் ஓடி வந்தார். "ஏனப்பா ஆர்ட்டிஸ்ட்டு, என்ற பொழப்பக் கெடுக்கறியா?"

ஏணியில் நின்றபடியே ஜெரோம், அவர் சொன்ன வார்த்தையைத்தான் எழுதியிருப்பதாகவும், புதிதாக ஓர் எழுத்துகூடச் சேர்க்கவில்லை என்றும் பணிவாகச் சொன்னான். அதற்குள், குக்கர் பெட்டியை இடுப்பில் வைத்திருந்த ஓர் அம்மா முன்னால் வந்தார்.

"ஏனுங்க, முதல்னு போட்டிருக்கீங்க. முடிவு எவ்வளவுங்க?"

வாசல் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. வாட்ச்மேன்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். யாரும் கத்தவில்லை, சண்டை போடவில்லை. அந்த அம்மா குக்கரைப் படியில் வைத்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் கூடைகளை வரிசையாக வைத்தார்கள். இருபத்தைந்து ரூபாய்ச் சாமான் எதுவோ அதை மட்டும் வெளியே கொண்டுவந்து காட்டுங்கள், வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். யாரும் நகர்வதாக இல்லை.

ரங்கராஜ் கூடைகளைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். இந்தக் கடை திறந்ததிலிருந்து இத்தனை பேர் ஒன்றாக அவர் வாசலில் நின்றதில்லை. உள்ளே திரும்பி, நீள மேஜையைத் தூக்கி வரச் சொன்னார்.

எவர்சில்வர் தட்டு, சின்ன பக்கெட், மக், டீ வடிகட்டி, சோப்பு டப்பா எல்லாம் மேஜைக்கு வந்தன. இரண்டு மணிக்குள் மேஜை மூன்று தடவை காலியாகி மூன்று தடவை நிறைந்தது. குக்கர் அம்மா, தான் எடுத்த குக்கரின் உண்மையான விலையை அட்டையில் பெரிதாக எழுதி வைக்கச் சொன்னார். எழுதி வைத்ததும் கொஞ்சம் யோசித்து, அதை வாங்கிக்கொண்டுதான் போனார். அதைப் பார்த்த ரங்கராஜுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. எல்லாச் சாமானுக்கும் அப்படியே அட்டை எழுதித் தரும்படி ஜெரோமிடம் முணுமுணுத்தார். பில் போடுகிறவன் காலையில் நடந்ததைச் சொல்ல, பாவாத்தாளிடம் வந்து, பிளாஸ்கை நூறு ரூபாய்க்குத் தருகிறேன், எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

"எழுதிப்போட்டதைக் குடுங்க, போதும்" என்று அவள் தட்டு, பக்கெட், மக், சோப்பு டப்பா நாலையும் எடுத்துக்கொண்டு நூறு ரூபாயை நீட்டினாள். பில் போடுகிறவன் எழுந்து நின்று வாங்கினான்.

சாயங்காலம் ஜெரோம் தானாகவே கூப்பிட்டு, ஹாஸ்டலில் மாறிப்போகாமல் இருக்க அந்தப் பக்கெட்டில் பெண்ணின் பேரை எழுதித் தருகிறேன் என்றான். பாவாத்தாள் பக்கெட்டைக் கொண்டுவந்தாள், ஆனால் பிரஷ்ஷைத் தன்னிடம் கொடுக்கச் சொன்னாள். அதுவரை அவள் பிரஷ் பிடித்ததில்லை. அன்புக்கரசி பக்கெட்டை மடியில் கவிழ்த்துப் பிடித்துக்கொள்ள, சண்முகப்ரியா வாசற்படியில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். 'ண்' நன்றாக வந்தது. 'ப்ரி' கோணிக்கொண்டது, 'யா' பக்கெட்டின் வளைவில் இறங்கிப் போய்விட்டது. பெயிண்ட் முழங்கை வரை வழிந்தது. ஜெரோம் சரிசெய்யக் கையை நீட்டினான்.

"தொடாதே கண்ணு" என்றாள் பாவாத்தாள். "அது நான் எழுதுனது."