சாவிக்கு வேலை இருக்கு

மூன்றாவது முறையாகத் தொலைநோக்கியின் பற்சக்கரப் பெட்டி சாப்பாட்டு மேஜைமேல் பிரிந்து கிடந்தது. கணவர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். எடைக்கருவிகளைச் சோதித்து முத்திரை குத்தும் அலுவலகத்தில் அவளுக்கு மில்லிகிராம் என்று பட்டப்பெயர். முள் மயிரிழை விலகினாலும் தராசைத் திருப்பி அனுப்பிவிடுவாள். அப்பேர்ப்பட்டவள் மொட்டைமாடியில் தொலைநோக்கி வைத்து எடுக்கும் படங்களில் ஒவ்வொரு நட்சத்திரமும் இரண்டாக விழுந்தது. வானத்தின் ஓட்டத்துக்கு ஈடாகக் குழாயைத் திருப்பும் சக்கரம் எங்கோ ஆடுகிறது. பழைய கிரீஸைத் துடைத்துப் புதிது பூசியாயிற்று. திருகுகளை இறுக்கி, தளர்த்தி, மறுபடி இறுக்கியாயிற்று. குழாய்க்கு எதிர்ப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் எடைக்கம்பியில் இரும்புக் குண்டை நகர்த்தி நகர்த்திக் குழாயை இம்மியும் சாயாமல் நிறுத்தியாயிற்று. ஊஹூம்.

"உன் படத்தப் பாத்தா கண் டாக்டர்கிட்ட போகணும் போல இருக்குக்கா" என்று தம்பி போனில் சிரித்தான். இன்று சாயங்காலம் வேறு வருகிறானாம்.

அவள் நாலு வருஷமாகத் துரத்தும் சிவந்த வாயு மேகம் தெற்கே தாழ்வாக எழும். எதிர்வீட்டு மாடியில் தூண்கள் நின்றுவிட்டன. நாளைக்குச் சுவர் வைக்கிறார்கள். இன்று விட்டால் விட்டதுதான்.

போன வாரத்துப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். நடுவில் சிலவற்றில் மட்டும் நட்சத்திரங்கள் ஊசிமுனையாக நின்றன.

"ஏங்க, அன்னிக்கு நடுவுல மேல வந்தீங்களே, எதையாவது தொட்டீங்களா?"

"நான் ஏன் தொடறேன்? டீ கொண்டுவந்தேன். கையில எடமில்லன்னு சாவிக்கொத்த அந்தக் கம்பியில மாட்டினேன். அப்புறம் நீதான் பாத்துட்டு, இதென்ன துணி காயப்போடற கொடியான்னு புடுங்கி எறிஞ்சே."

அவள் கையிலிருந்த திருப்புளி அப்படியே நின்றது. சக்கரத்தில் கோளாறே இல்லை. குழாய் அப்பழுக்கில்லாத சமநிலையில் நின்றதால், இரண்டு பற்களுக்கு நடுவிலிருக்கும் துளி இடைவெளியில் காற்றடித்த பக்கமெல்லாம் ஆடியிருக்கிறது. ஒரு பக்கம் கொஞ்சம் கனத்தால் பல்லோடு பல் சாய்ந்து நிற்கும். எந்தச் சாய்வுக்காக ஊர்ப்பட்ட தராசுகளைத் திருப்பி அனுப்பினாளோ, அதையே தன் கையால் வைக்க வேண்டும். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

குண்டைச் சற்று நகர்த்தினாலே போதும். ஆனால் சோதித்துத் தேறிய எடை சாவிக்கொத்து ஒன்றுதான். பெட்டியை மறுபடி பூட்டி, இருட்டியதும் சாவிக்கொத்தைக் கம்பி நுனியில் மாட்டி, ஆடாமல் ரப்பர் பேண்ட் சுற்றினாள்.

முதல் படம் மடிக்கணினித் திரையில் இறங்கும்போது கீழே கேட்டைத் தட்டும் சத்தம்.

"அக்கா, கதவத் திற."

கணவர் கைப்பிடிச் சுவரில் குனிந்தார். "மச்சான், சாவிக்கு வேலை இருக்கு. கொஞ்சம் நில்லு."

"சாவிக்கு என்ன வேலை? ஏறிக் குதிக்கவா?"

"குதிடா" என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அதிராம குதி."

தூண்களுக்கு நடுவே வந்திருந்த மேகம் திரையில் செக்கச்செவேலென்று விரிந்திருந்தது. அதன்மேல் நட்சத்திரங்கள், ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்றாக. மூச்சிரைக்க மேலே வந்த தம்பி குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை. பக்கத்தில், வாசல் சாவியையும் பீரோ சாவியையும் சுமந்துகொண்டு அந்தக் கம்பி, கண்ணுக்குத் தெரியாத நிதானத்தில், வானத்தின் ஓட்டத்தோடு மேலே ஏறிக்கொண்டிருந்தது.