விழாத பல்

"பால் பல்லுதானுங்களே டாக்டர்? எப்படியும் விழுந்து முளைக்கத்தானே போகுது?" என்றான் கிருபாசங்கர்.

பல் டாக்டர் ஃபெமினா குனிந்து பார்த்தார். அவனுடைய ஏழு வயது மகள் நித்யஸ்ரீயின் வாய்க்கு மேலே விளக்கை இன்னும் கொஞ்சம் தாழ்த்தினார். கணபதி பகுதியில், ஒரு லேத் பட்டறையின் மாடியில் இருந்தது கிளினிக். கீழே இரும்பு சீவும் சத்தம் தரை வழியாக ஏறி வந்தது.

"இங்க வந்து பாருங்க சார்."

எட்டிப் பார்த்தான். கீழ் வரிசையில், இடப்பக்கக் கடைசிப் பல்லின் நடுவே கறுப்பாக ஒரு குழி. பம்ப் கம்பெனியில் வார்ப்புகளில் மயிரிழை விரிசலைக் கண்டுபிடிப்பதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். இந்தக் குழியில் ஒரு கடுகு உட்காரும்.

"இது பால் பல் இல்ல. எந்தப் பல்லும் விழாமயே, ஆறு வயசுல பின்னாடி தனியா முளைக்கற பல். எல்லாரும் பால் பல்லுன்னு நினைச்சு விட்டுடறாங்க. இவ கிழவியானாலும் இதேதான். போனா அந்த இடத்துல இன்னொண்ணு வராது."

சொத்தை நரம்பை இன்னும் தொடவில்லை என்றார். சுரண்டி எடுத்து, மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்தார். "ரெண்டு மாசம் பாப்போம். தாங்கிட்டா பல்லு இவளோடது. தாங்கலைன்னா எடுக்க வேண்டி வரலாம்."

பிறகு குழந்தையின் கீழ் இமையை விரலால் இறக்கிப் பார்த்தார். "ஏன் இப்படி வெளுத்திருக்கா? ரத்தம் கம்மியாத்தான் இருக்கும். டெஸ்ட் எடுத்துருங்க. என்ன சாப்பிடுவா?"

"நல்லாத்தான் சாப்பிடுறா."

நித்யஸ்ரீ வாயில் இருந்த பஞ்சைத் துப்பிவிட்டு ஆரம்பித்தாள். "காலையில அழகிரிசாமி மாமா வர்க்கி குடுப்பாரு, டீல முக்கி. ஸ்கூல் விட்டு வந்தா நாச்சியம்மா அத்தை கடையில தேன்மிட்டாய். அப்புறம் எதிர்வீட்டு பிரத்யுஷா அக்கா கிரீம் பிஸ்கட்டு. அப்புறம் மறுபடியும் தேன்மிட்டாய்."

"அவ்வளவும் காசு குடுத்தா வாங்கறே?" என்றார் டாக்டர்.

"என்கிட்ட யாரும் காசு வாங்க மாட்டாங்க. எனக்கு அம்மா இல்லல்ல?"

பள்ளி அடையாள அட்டையைக் காட்டுவதுபோலச் சொன்னாள்.

டாக்டர் கையுறையைக் கழற்றினார். "ஒரே தடவையா ஒரு லட்டு தின்னா பல்லு சமாளிச்சுக்கும் சார். எச்சிலே கழுவிச் சரி பண்ணிரும். அதுக்கு நேரமே குடுக்காம ஒண்ணு மாத்தி ஒண்ணு வாயில இருந்தா, பல்லு என்ன பண்ணும்? வயிறும் அதுலயே நிறைஞ்சிரும். சோறு இறங்காது. ரத்தம் எங்கிருந்து ஊறும்? முட்டை, கீரை, ராகி, பயறுன்னு நேரத்துக்குக் குடுங்க. எட்டு வயசு வரைக்கும் ராத்திரி பல்லு நீங்கதான் தேச்சு விடணும்."

போன ஆடியில் ஒரு காய்ச்சலில் அவன் மனைவி ரித்திகா போனாள். அன்றிலிருந்து வீதியே பெண்ணின் கையில் எதையாவது வைத்து அனுப்புகிறது. அவனுக்குத் தெரியும். நல்லதென்றே நினைத்திருந்தான். இனி வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அவர்கள் வீதியில் கொடுத்ததை வேண்டாமென்றால், கொடுத்தவரையே வேண்டாமென்ற மாதிரி. வண்டியில் வரும்போது வாக்கியத்தை உள்ளுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தான்.

வீதிமுனைப் பட்டறைக்கார அழகிரிசாமியிடம் சுலபமாக முடிந்தது. "அட, முன்னமே சொல்லப்படாதுங்களா? ராத்திரியானா எம் பல்லே டம்ளருக்குள்ள தூங்குதுங்க. அந்தக் கேடு அம்மணிக்கு எதுக்கு?"

நாச்சியம்மாள் மாவுக் கடை வைத்திருந்தாள். கிரைண்டரை நிறுத்திவிட்டு முழுதாகக் கேட்டாள். முகம் சுருங்கிவிட்டது.

"ஏனுங்க தம்பி, நான் என்ன வெசமுங்களா குடுத்துப்போட்டேன்?"

"அப்படிச் சொல்லலீங்க அக்கா. பாசத்துலதான் குடுக்கறீங்க. பாவம்னு நெனச்சு..."

"பாவமாவது ஒண்ணாவது. புள்ளை பசியோட வருதுங்க."

நாச்சியம்மாள் வாசல் படியைக் காட்டினாள்.

"பொழுது எறங்குனா வந்து அந்தப் படியில உக்காருது. ‘அத்தை, பசிக்குது’ங்குது. சோறு போடட்டுமா கண்ணுன்னா, ‘வெளிய சோறு தின்னா அப்பா வையும்’ங்குது. மிட்டாய்னா வாயைத் தொடச்சுட்டு ஊட்டுக்குப் போயிரலாமாமா. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்கோ."

"நான் டெய்லி இட்லி பார்சல் வாங்கிட்டுத்தானுங்க வாரேன்."

"வாங்கிட்டு வாரீங்க. பக்கத்துல உக்காந்து தின்னிருக்கீங்களா?"

இல்லை. பொட்டலத்தைப் பிரித்து அவள் முன்னால் வைப்பான். உள்ளறைக்குப் போய் போனைப் பார்த்துக்கொண்டு படுத்துவிடுவான். சாப்பாட்டு மேஜையருகே ரித்திகாவின் நாற்காலி காலியாக இருந்தது. திரும்பி வரும்போது பொட்டலம் மூடியிருக்கும். எடுத்துக் குப்பையில் போடுவான். அதற்குள் என்ன இருந்தது என்று ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை.

"மாவு தாரேன்," என்றாள் நாச்சியம்மாள். "கம்பு மாவும் இருக்குது. தோசை சுடுங்க."

"நான் சுட்டா இந்தியா மேப்பு மாதிரி வரும்ங்க."

"வரட்டுமே. பசிக்கு வட்டம் எதுக்குங்க?"

முதல் தோசை கல்லைவிட்டு வரவே இல்லை. இரண்டாவது கிழிந்தது. முட்டையை மேலே உடைத்து ஊற்றி மறைத்தான். நித்யஸ்ரீ தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது என்னங்கப்பா?"

"தோசை."

"பொய்."

ஒரு வாய் தின்றுவிட்டு மிட்டாய் கேட்டாள். இல்லை என்றதும் தரையில் படுத்து அழுதாள். அவன் உள்ளே போகவில்லை. ரித்திகாவின் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, தன் பங்கைத் தின்றான். உப்பில்லை. அழுது முடித்தவள் எழுந்து வந்து எதிரே உட்கார்ந்தாள். அவன் தின்பதைப் பார்த்துக்கொண்டே தின்றாள்.

எல்லாம் உடனே சரியாகிவிடவில்லை. ஸ்கூல் வேன் டிரைவருக்குச் சொல்லியும் அவர் கொடுத்த சூயிங்கம் அவள் சட்டைப்பையில் இருந்தது. பிரத்யுஷா பிஸ்கட்டை விட்டுவிட்டுச் சாக்லேட் வாங்கி வந்தாள். பிறகு அவளும் வேர்க்கடலைக்கு மாறினாள். நாச்சியம்மாளின் படியில் சுண்டல் கிடைத்தது. அவன் கீரை கடையப் பழகினான். ராகிக் களி கட்டிதட்டியது. நித்யஸ்ரீ அதைக் கிரிக்கெட் பந்து என்றாள், ஆனாலும் குழம்பில் தொட்டு விழுங்கினாள்.

இரண்டு மாதம் கழித்துப் போனபோது டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். 

"பல்லு நிக்குது," என்றார். பழைய அடைப்பை எடுத்துவிட்டு நிரந்தரமாக அடைத்தார். பிறகு புது ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்தார். "ரத்தமும் ஏறியிருக்கு. இப்படியே விட்டுராதீங்க. இதே மாதிரி விழாத பல்லு இன்னும் மூணு இருக்கு."

அன்றைக்கும் சாப்பிட்டு முடித்ததும் குழாயடியில் அவளை ஸ்டூலில் ஏற்றி நிறுத்தினான். இத்தனை நாளில் அவளுடைய வாய் அவனுக்குப் பாடமாகியிருந்தது. முன்பல் ஒன்று ஆடியது. மேலே இடப்பக்கம் ஈறு லேசாகத் தடித்திருந்தது. அங்கே என்னவென்று தடவிப் பார்க்க விரலை உள்ளே விட்டான்.

அவள் நறுக்கென்று கடித்தாள். அடைத்த பல் இருந்த இடப்பக்கத்தால், முழு பலத்தோடு.

"ஆ!"

வீடு அதிரக் கத்தினான். அவள் பயந்து வாயைத் திறந்தாள். விரலில் வரிசையாகப் பல் தடம் பதிந்து, அந்தக் கடைசிப் பல் இறங்கிய இடத்தில் ரத்தம் கசிந்தது.

"வலிக்குதுங்களாப்பா?"

அவன் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றான். கண்ணில் நீர் முட்டி வழிந்தது. துடைக்கவில்லை.

"வலிக்குது கண்ணு," என்றான். "நல்லா வலிக்குது."