உரிமையாளர்கள் அருகருகே நிற்கவும்

கட்டட விதிகளை மாற்றி எழுதிய மகராசன் யாரென்று எனக்குத் தெரியாது. கூடப்பிறந்தவர்கள் இல்லாத ஒற்றைப் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இப்படி ஒரு விதியை எழுத அவருக்குக் கை வந்திருக்காது.

விதி இதுதான். ஒரு மனைக்குக் கூட்டு உரிமையாளர்கள் இருந்தால், வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும் அத்தனை பேரும் அதே இடத்தில் சேர்ந்து நின்று படம் எடுத்து இணையத்தில் ஏற்ற வேண்டும். அஸ்திவாரம், கதவு ஜன்னலுக்கு மேல் வரும் லிண்டல், மேல்தளம், கடைசியில் பணி நிறைவுச் சான்றிதழ். படத்துக்குப் பச்சை டிக் விழுந்தால்தான் அடுத்த கட்டம் திறக்கும். முன்பெல்லாம் எல்லாமே காகிதம். தம்பி கையெழுத்தையும் அண்ணனே போட்டு, வீடு கட்டிக் குடிபோன பிறகுதான் தம்பிக்கு விஷயமே தெரியும். அதைத் தடுக்க வந்த விதி. எண்ணம் நல்ல எண்ணம்தான். ஆனால் நல்ல எண்ணங்களையெல்லாம் வெயிலில் நின்று செய்து முடிப்பது என்னைப் போன்ற சைட் இன்ஜினியர்கள்.

படம் எடுப்பதற்கென்றே ஒரு செயலி கொடுத்திருந்தார்கள். எங்கள் அலுவலகத்தில் அதற்குச் சம்பந்தியம்மா என்று பேர். நாம் எவ்வளவுதான் பார்த்துப் பார்த்துச் செய்தாலும் ஏதாவது ஒரு குறையை ஒற்றை வரியில் சொல்லிவிட்டு முகத்தைத் தூக்கிக்கொள்வாள்.

இந்த லட்சணத்தில் எனக்கு வாய்த்தவர்கள் ஓர் அக்காவும் தம்பியும். அக்கா தையல் கடைக்காரர். தம்பி தொலைதூர பஸ் டிரைவர். இருவருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது. அப்பா விட்டுப்போன பழைய வீட்டை இடித்துவிட்டு, கீழே அக்காவுக்கும் மேலே தம்பிக்குமாகக் கட்டித்தரச் சொல்லி வந்தார்கள். வந்தார்கள் என்றால் சேர்ந்து அல்ல. அக்கா காலையில் வந்து சொல்லிவிட்டுப் போனார், தம்பி சாயங்காலம் வந்தார். ஆனால் பேசிவைத்த மாதிரி இருவரும் ஒன்றையேதான் கேட்டார்கள். மாடிப்படி வெளிப்பக்கம் இருக்க வேண்டும், கேட் தனி, மோட்டார் தனி, ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் போய்வர வேண்டும்.

சண்டைக்குக் காரணம் மேஸ்திரி வழியாக என் காதுக்கு வந்தது. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அக்காதான் ராப்பகலாகப் பக்கத்தில் இருந்தார். தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை. இரண்டு ட்ரிப்புக்கு நடுவில் வந்து தலையைக் காட்டிவிட்டு ஓடினார். உறவுக்காரர்கள் எல்லாரும் இருக்கும்போது அக்கா, "விருந்தாளி வந்துட்டாரு, காபி குடுங்க" என்றாராம். தம்பி பதிலுக்கு, "வீட்ட எழுதி வாங்கத்தானே கூடவே உக்காந்திருக்க" என்றாராம். அப்பா வீட்டை இருவருக்கும் பொதுவாக எழுதிவைத்துவிட்டுக் கண்ணை மூடினார். அதற்குள் பேச்சு நின்றுவிட்டிருந்தது.

அக்கா குடியிருந்த வாடகை வீட்டை அதன் சொந்தக்காரர் தன் மகனுக்காகக் காலி செய்யச் சொல்லிவிட்டார். தையல் மிஷின்களையும் துணி மூட்டைகளையும் தூக்கிக்கொண்டு போக அவருக்கு வேறு போக்கிடம் இல்லை. மழைக்கு முன் வீடு முடிந்தாக வேண்டும். இவர்கள் இருவரும் சேர்ந்து நிற்காவிட்டால் வீடே கிடையாது.

முதல் படம் அஸ்திவாரக் குழியில். செயலியைத் திறந்தால் திரையில் முட்டை மாதிரி இரண்டு கோடுகள் வரும். ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஒரு முகம் அடங்க வேண்டும். மேலே 'உரிமையாளர்கள் அருகருகே நிற்கவும்' என்று எழுத்து ஓடும். தோளோடு தோள் உரசி நின்றால்தான் இரண்டு முகமும் உள்ளே வரும், அவ்வளவு நெருக்கம் அந்த முட்டைகள்.

குழியின் இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் தம்பி.

"கொஞ்சம் கிட்ட வாங்க," என்றேன்.

"அவர வரச்சொல்லுங்க இன்ஜினியரம்மா. எனக்கு முட்டி வலி," என்றார் அக்கா.

"அவங்களுக்கு முட்டி வலின்னா நானே வரேன்னு சொல்லுங்க," என்றார் தம்பி. "ஆனா அவங்க சொன்னதுக்காக வரலன்னும் சொல்லிடுங்க."

சொன்னேன். சொல்லாமல் என்ன செய்வது? கூடப்பிறந்தவர்கள் 'அவர்', 'அவங்க' என்று மரியாதையாகப் பேச ஆரம்பித்துவிட்டால் விஷயம் முற்றிப்போய்விட்டது என்று அர்த்தம். எனக்கும் ஒரு தம்பி இருக்கிறான். இந்த ஜென்மத்தில் அவனை நான் 'அவர்' என்று சொன்னதில்லை. எருமை என்பதைத் தாண்டி மரியாதை உயர்ந்ததே கிடையாது.

"முட்டைக்குள்ள மூஞ்சிய வைங்க சாமி, வெயில் ஏறுது," என்று மேஸ்திரி கெஞ்சிய பிறகு ஒருவழியாக நின்றார்கள். தோள் பட்டது. இருவரும் கரண்ட் கம்பியைத் தொட்டது போல விறைத்துக்கொண்டார்கள். பச்சை டிக் விழுந்ததுதான் தாமதம், ஆளுக்கொரு பக்கமாகப் போய்விட்டார்கள்.

லிண்டல் படத்தன்று அக்கா எதிர்த்த சுவரைப் பார்த்துக்கொண்டே, "சட்டையில மேல் பொத்தான் இல்ல, அவர்கிட்ட சொல்லுங்க. தையல்காரி தம்பின்னு நாலு பேர் சிரிப்பாங்க," என்றார். "படம் மூஞ்சிக்குத்தான், சட்டைக்கு இல்லன்னு சொல்லுங்க," என்றார் தம்பி. இரண்டையும் சொன்னேன். படம் ஒரே தடவையில் தேறியது.

அதில் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. மேல்தளத்துக்குப் பச்சை டிக் வாங்குவதற்கு முன்பே கான்கிரீட் வண்டியை வரச்சொல்லிவிட்டேன். முட்டுக் கொடுத்துப் பலகை பரப்பி சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, எல்லாம் தயார். வண்டி வாசலில் உருளையைச் சுழற்றிக்கொண்டு நிற்கிறது. மேலே கம்பிக் கூட்டின்மேல் பலகை போட்டு அக்காவும் தம்பியும் நிற்கிறார்கள். படத்தை எடுத்தேன். முதல் இரண்டு படங்களில் முகங்களை எண்ணியதோடு விட்ட சம்பந்தியம்மா, இந்தக் கட்டத்தில் ஆளையும் சரிபார்த்து வாயைத் திறந்தாள்: 'இரண்டாம் உரிமையாளர் முகம் பொருந்தவில்லை. வேறு நபர்.'

மறுபடி எடுத்தேன். வேறு நபர். முகத்தைக் கழுவிவிட்டு வரச்சொன்னேன். கழுவிய வேறு நபர். கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன். அப்போதும் அதே பாட்டு.

"மெஷினுக்காவது தெரிஞ்சுதே," என்றார் அக்கா. "வேற ஆளுதான்னு நான் எப்பவோ சொல்லிட்டேன்."

தம்பி தலையைக் குனிந்துகொண்டார். அதுவரை எனக்கு அவர்மேல் எரிச்சல்தான் இருந்தது. அந்த நிமிஷம் பாவமாகப் போய்விட்டது.

கீழேயிருந்து வண்டிக்காரர் குரல் கொடுத்தார். "இன்னும் நேரமானா சரக்கு இறுகிடும் மேடம். அப்புறம் என்னைக் கேக்காதீங்க!"

இந்தக் கான்கிரீட் வீணானால் அடுத்த வண்டி எப்போது கிடைக்குமோ தெரியாது, மழையோ வானத்தில் தயாராக நிற்கிறது. எதோடு ஒப்பிட்டுப் பார்த்து இவரை இல்லை என்கிறாள் என்று அவருடைய அடையாள அட்டைப் படத்தைத் திறந்தேன். அதில் ஒரு மனிதர் கன்னம் உப்ப, வந்த சிரிப்பை அடக்க முடியாமல் நின்றார். என் எதிரில் நின்றவரோ விளக்கெண்ணெய் குடித்தவர் போல இருந்தார். சம்பந்தியம்மா மேல் தப்பே இல்லை. எனக்கே அடையாளம் தெரியவில்லை.

அக்கா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"இந்தப் படமா? இது எடுக்கறப்ப நான்தான் கூடப் போனேன். போட்டோக்காரருக்குப் பின்னால நின்னு மூஞ்சிய அஷ்டகோணலா வெச்சுக் காட்டினேன். சிரிக்காதப்பா சிரிக்காதப்பான்னு அந்த மனுஷன் கத்தறான்…" பாதியில் நிறுத்திக்கொண்டார். என்னிடம் பேசுகிறோம் என்ற நினைப்பில் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டார் போல.

"இன்னொரு தரம் நில்லுங்க," என்றேன்.

நின்றார்கள். முகங்கள் முட்டைக்குள் வந்தன. அக்கா கேமராவை நேராகப் பார்த்தபடி, உதட்டை அசைக்காமல் சொன்னார்:

"டேய் மூக்கொழுகி. சிரிடா."

ஊர் ஊராக அத்தனை பெரிய பஸ்ஸை ஓட்டும் மனிதர், நரைத்த மீசையோடு, கம்பிக் கூட்டின்மேல் நின்றுகொண்டு மூக்கைத் துடைத்துக்கொள்ளக் கையைத் தூக்கிவிட்டார். பிறகு கன்னம் உப்பியது. பச்சை டிக்.

"ஊத்துங்கய்யா!" என்று மேஸ்திரி கத்தினார்.

அக்கா பலகையைவிட்டு இறங்கும்போது என்னிடம் கறாராகச் சொன்னார்: "பேசிட்டேன்னு அவர் நினைச்சுக்க வேணாம். வீட்டுக்காகக் கூப்பிட்டேன், அவ்வளவுதான். சொல்லிடுங்க."

அதோடு சமாதானமாகிவிட்டார்களா என்றால், அதுதான் இல்லை. பூச்சு வேலை, தரை வேலை, வர்ணம் எல்லாம் நடந்தது. ஒருவர் வந்தால் மற்றவர் வரமாட்டார். கடைசிப் படம் ஒன்றுதான் பாக்கி. அதற்காவது இருவரும் சேர்ந்து நின்றாக வேண்டும் என்று நான் உள்ளுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். அப்போது பார்த்து விதியை மறுபடி மாற்றினார்கள்.

கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் வெளிநாட்டில், ஒருவர் படுத்த படுக்கை என்று ஏகப்பட்ட மனுக்கள் போயினவாம். இனி யாராவது ஓர் உரிமையாளர் நின்றால் போதும், மற்றவர் போனிலேயே சம்மதம் கொடுத்துவிடலாம். எங்கள் அலுவலகத்தில் எல்லாரும் மிட்டாய் கொடுக்காத குறையாகக் கொண்டாடினார்கள். எனக்கு மட்டும் துக்கமாக இருந்தது. இனி அக்கா கீழ்க் கேட்டைத் திறப்பார், தம்பி வெளிப்படியில் ஏறுவார், ஒரே வீட்டுக்குள் அவரவர் ஆயுசு போய்விடும். அதற்கான வரைபடத்தைப் போட்டதும் நான்தான்.

அதனால் இருவருக்கும் தனித்தனியாகப் போன் செய்து, "கடைசிப் படம். ரெண்டு பேரும் வந்துடுங்க," என்றேன். பொய் இல்லை. வரவேண்டும் என்றுதான் சொன்னேன், விதி என்று சொல்லவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது இருவரும் எனக்கு முன்பே வந்து, வெளிப்படிக்குக் கீழே தோளோடு தோளாகத் தயாராக நின்றுகொண்டிருந்தார்கள். தம்பி சட்டையில் மேல் பொத்தான் இப்போதும் இல்லை. செயலியைத் திறந்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. திரையில் ஒரே ஒரு முட்டை. போனை மெல்ல என் பக்கம் சாய்த்துக்கொண்டேன்.

"மறைக்காதீங்க இன்ஜினியரம்மா," என்றார் தம்பி. "ஒருத்தர் போதும்னு போன வாரமே மெசேஜ் வந்துடுச்சு."

"எனக்கும்தான் வந்துச்சு," என்றார் அக்கா.

"தெரிஞ்சேவா வந்தீங்க?" என்றேன்.

"தெரிஞ்சே நீங்க எதுக்குக் கூப்பிட்டீங்க?" என்று அக்கா திருப்பிக் கேட்டார்.

அக்கா மெதுவாகத் தம்பி பக்கம் திரும்பினார். "இன்னைக்கு உனக்கு வண்டி உண்டே. லீவு குடுத்தாங்களா?"

"கேட்டாத்தானே குடுப்பாங்க. கேக்காமலே வந்துட்டேன்." தம்பி தரையைப் பார்த்தார். "அன்னைக்கும் கேக்காம வந்திருக்கணும்க்கா."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வை என்று நாங்களும் ஒப்புக்கொண்டோம். பிறகு, "நானும் அன்னைக்கு எல்லார் முன்னாடியும் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது," என்றார்.

நான் போனை நிமிர்த்திக்கொண்டு, "சரி, ஒருத்தர் நில்லுங்க," என்றேன்.

"நீ நில்லுடா. ஆம்பள பேர்ல இருக்கட்டும்."

"பேருக்கு இல்லக்கா, மூஞ்சிக்கு. அப்பாவப் பாத்துக்கிட்டது நீ. நீதான் நிக்கணும்."

"நான் நிக்கமாட்டேன். என் மூஞ்சி அதுல கருப்பா விழுது."

"நேர்லயே அப்படித்தான் இருக்கு."

"போடா மூக்கொழுகி! முதல்ல அந்தச் சட்டையக் கழட்டிக் குடு, பொத்தான் வெக்கறேன். இந்தக் கோலத்துல எப்படி நிப்ப?"

"நான் நிக்கறேன்னு யாரு சொன்னா?"

சண்டை மும்முரமாகிவிட்டது. குறுக்கே புகுந்து, முட்டைக்குள் இரண்டு முகத்தையும் திணித்து ஒரு படம் எடுத்துப் பார்த்தேன். சம்பந்தியம்மா, 'ஒருவருக்கு மேல் இருக்கிறார்கள்' என்று முகத்தைத் தூக்கிக்கொண்டாள். அவர்கள் அதைக்கூடக் கவனிக்கவில்லை.

நான் வெளிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். நெடுநேரம் அவர்கள் யார் நிற்பது என்று அடித்துக்கொண்டார்கள். அவர்கிட்ட சொல்லுங்க, அவங்ககிட்ட சொல்லுங்க என்று ஒரு தடவைகூட யாரும் என் பக்கம் திரும்பவில்லை.