அரைக் கட்டை இறக்கம்

அந்த வயலின் கலைஞர் முப்பது ஆண்டுகள் பக்கவாத்தியம் வாசித்தவர். பாடுகிறவரின் சுருதி எதுவோ, அதற்குத் தம் நான்கு தந்திகளையும் ஏற்றியோ இறக்கியோ இணங்கிப் போவதே அவர் தொழில். சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். ஒரு பாடகர் ஒரு கட்டை என்பார். அவரே காய்ச்சல் கண்ட நாளில், "இன்னைக்கு முக்காலே போதும்மா" என்பார். எவரிடமும் அந்த அம்மையார் முகம் சுளித்ததில்லை.

ஐம்பது வயதில் தனிக் கச்சேரிகள் செய்யத் தொடங்கியபோது ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: கதவு திறந்திருக்க வேண்டும், யாரையும் தடுக்கக் கூடாது. பேருந்துப் பணிமனையின் ஓய்வறையில், துடைத்த கையோடு வந்து உட்கார்ந்த மெக்கானிக்குகளுக்கு வாசித்தார். மருத்துவமனையில், இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரங்களின் கூவலுக்கு நடுவே வாசித்தார். இப்படி ஊரே கேட்ட இசையை அவருடைய தங்கை மட்டும் முழுதாகக் கேட்டதில்லை.

காரணம் வண்டு. தங்கையின் ஒரே மகள், வயது பத்தொன்பது. பேச்சு வராது. மகிழ்ச்சி மிகுந்தால் ஒரே சுரத்தில் நீளமாக ரீங்கரிப்பாள். வீட்டார் இட்ட பெயரும் அதனால் வந்ததே. இசை கேட்டால் அவளுக்கு மகிழ்ச்சி வரும். மகிழ்ச்சி வந்தால் ரீங்காரம் வரும். ரீங்காரம் வந்தால் முன்வரிசைத் தலைகள் திரும்பும். அப்புறம் தாயும் மகளும் வெளியே நிற்பார்கள். கதவைத் திறந்து வைக்க அக்காவால் முடிந்தது; தலைகளைத் திரும்பாமல் வைக்க முடியவில்லை.

"இந்தத் தடவை நூலகத்து மேல்மாடி. சின்ன இடந்தான், வாடி" என்று தொலைபேசியில் அழைத்தார் அக்கா.

"வந்து? பாட்டு பாதி, படிக்கட்டு பாதியா? மூணு வாட்டி வந்தேன். மூணு வாட்டியும் கொசுவப் பாக்குற மாதிரி பாத்தாங்க."

"நாலாவது வாட்டி வா."

"வரேன்க்கா. ஆனா இந்தத் தடவையும் எழுந்து போக வேண்டி வந்துச்சுன்னா, இனிமே என்னைக் கூப்பிடாத. எனக்கு அழுகை வருது. உனக்குக் கச்சேரி கெடுது."



வண்டு வரும் செய்தி அறிந்த நூலகச் செயலாளர், நல்லெண்ணத்தோடுதான், அம்மையாரிடம் ஒரு யோசனை சொன்னார். "பக்கத்து ரூம்ல ஸ்பீக்கர் வச்சுடலாம்மா. அந்தப் பொண்ணு அங்க உக்காந்து கேக்கட்டும்."

"ஒரு கதை சொல்லவா சார்? காட்டுல கச்சேரி. சத்தம் போடுறவங்க வரக்கூடாதுன்னு வாசல்ல போர்டு. தவளை திரும்பிப் போச்சு, கிளி போச்சு, குரங்கு போச்சு. கடைசியில மரம் மட்டும் உக்காந்திருந்துச்சு."

"அப்புறம்?"

"காத்து வந்துச்சு. மரமும் சத்தம் போட்டுச்சு."

செயலாளர் தம் கைபேசியில் அவசரமாக எதையோ தேடத் தொடங்கினார்.

கச்சேரி அன்று தங்கை கடைசி வரிசையில், கதவோரம் அமர்ந்தார். பை மடியில் இருந்தது. ஒரு கால் ஏற்கெனவே வாசல் பக்கம் திரும்பியிருந்தது. முதல் பாட்டு பழுதில்லாமல் கடந்தது. இரண்டாவது பாட்டின் நடுவில் வண்டு ரீங்கரித்தாள். கச்சேரி இரண்டு கட்டையில் நடந்துகொண்டிருந்தது. அவளுடைய சுரம் அதற்கு அரைக் கட்டை கீழே நின்றது. சோற்றில் கல் கடிபட்டாற்போல் இருந்தது. தலைகள் திரும்பின. முன்வரிசைத் தையற்காரர் நாற்காலியோடு திரும்பினார். தங்கை மகளின் கையைப் பிடித்து எழுந்தார்.

வயலின் நின்றது. அம்மையார் வில்லை மடியில் வைத்துக் கண்ணை மூடி, ரீங்காரத்தைக் கூர்ந்து கேட்டார். புதிய பாடகர் எவர் வந்தாலும் அவர் முதலில் செய்வது அதுதான்.

"ஒண்ணரை" என்றார்.

"என்னம்மா?" என்றார் மிருதங்கக்காரர்.

"வண்டு ஒண்ணரைக் கட்டை. நாமதான் ரெண்டுல இருக்கோம். இறக்குங்க."

"பாதிப் பாட்டுலயா? என் மிருதங்கம் என்ன ரேடியோவா, திருகினதும் இறங்க?"

"போன மாசம் அந்தப் பெரிய பாடகருக்கு மேடையிலயே இறக்கினீங்களே?"

"அவர் பெரிய பாடகர்!"

"இவ என் தங்கச்சி பொண்ணு."

மிருதங்கக்காரர் முணுமுணுத்துக்கொண்டே கல்லை எடுத்து மிருதங்கத்தின் விளிம்பைத் தட்டலானார். அந்தத் தட்டலைக் கேட்டு வண்டுக்கு இன்னும் குதூகலம், ரீங்காரம் ஓங்கியது. சபை சிரித்தது. முறுக்காணிகளைத் தளர்த்திக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"எங்கடி போற? பாடகி எழுந்து போயிட்டா பக்கவாத்தியம் யாருக்கு வாசிக்கும்? உக்காரு!"

தங்கை உட்கார்ந்தார்.

அதே பாட்டு மறுபடி தொடங்கியது. இப்போது ரீங்காரம் தம்பூராவைப் போல் இசையின் அடியில் விரிந்து கிடந்தது. வயலின் அதன்மேல் கால் ஊன்றி நடந்தது, ஓடியது, துள்ளியது. வண்டு மூச்சு வாங்க நிறுத்திய ஓர் இடைவெளியில், அதே சுரம் வேறெங்கிருந்தோ கேட்டது. தையற்காரர்! தம்மை அறியாமல் அவர் வாய் திறந்திருந்தது. எல்லாரும் பார்ப்பதைக் கண்டு நாணினார், ஆனால் நிறுத்தவில்லை. அடுத்த இடைவெளியில் நான்கு பேர் சேர்ந்துகொண்டனர்; செயலாளரும் அவர்களுள் ஒருவர்.

கடைசிப் பாட்டு ஓய்ந்தது. தங்கை அசையாமல் அமர்ந்திருந்தார்.

"முடிஞ்சிருச்சா?" என்று பக்கத்து நாற்காலிப் பேருந்து நடத்துநரிடம் கேட்டார்.

"முடிஞ்சிருச்சும்மா."

"இப்ப நாம என்ன செய்யணும்?"

நடத்துநர் வியப்போடு அவரைப் பார்த்தார். "புடிச்சிருந்தா கை தட்டணும்."

தங்கை தட்டினார். மற்றவர்கள் தட்டி ஓய்ந்த பிறகும், உள்ளங்கை சிவக்கச் சிவக்கத் தட்டினார்.

கூட்டம் கலைந்ததும் மேடையருகே வந்தார். வில்லிலிருந்து உதிர்ந்து தந்திகளில் படிந்த பொடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்த அக்கா, தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் மாணவியைப் போல் கேட்டார்: "எப்படிடி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு" என்ற தங்கை சற்றுத் தயங்கினார். "கோவிச்சுக்கக் கூடாது. அந்த நாலாவது பாட்டு ரொம்ப இழுவைக்கா. எனக்குத் தூக்கமே வந்துருச்சு."

தூக்கமா! கச்சேரியில், அதுவும் வண்டுவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு! அக்காவுக்குச் சிரிப்புப் பொங்கி, வயலின் பெட்டியை மூடவே முடியவில்லை.

"சொல்லுடி, சொல்லு. அஞ்சாவது?"

"அஞ்சாவது பரவாயில்ல."